துடுப்புக்காரனின் அம்மா

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக உங்கள் முகாம் எழுத்தர் சொன்னார். உங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், விசாரணை முடியும்வரை தர மாட்டார்களாம். கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதலாம், ஆனால் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்போம் என்றார். முன்கூட்டியே சொன்ன வகையில் நல்ல மனிதர். எனவே இதை உங்களுக்கு முன்னால் படிக்கப்போகும் ஐயாவுக்கும் என் வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நான் எழுதுவது குழாய்களின் மேல் ஒட்டும் சீட்டில் பெயரும் வயதும்தான். ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் கெஞ்சுகிறது.

நம் வாலுப் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன. இப்போது அவள் பேசினால் காற்றுதான் அதிகம் வருகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே திறந்து வாஷர் மாற்றிவிட்டேன். நீங்கள் மூன்று விடுப்பாகச் செய்கிறேன் செய்கிறேன் என்ற வேலை, கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மகன் ஏன் போன் பண்ணவில்லை என்று தினமும் கேட்கிறார். முகாமில் டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் மேல் என்ன புகார் என்று எழுத்தரிடம் கேட்டேன். பணியில் இருக்கும் படைவீரர் சமூக வலைத்தளத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி, நீங்கள் சொல்லியதாகச் சந்தேகம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணப் புடவை வாங்கும்போது சிவப்பா பச்சையா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் சொல்லாத மனிதர் நீங்கள். ஐயா இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குங்கள். பதில் எழுத அனுமதித்தால் நாலு வரி எழுதுங்கள், உங்களுக்கு அதுவே அதிகம் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரில்,
ஊசி

*

என் அன்புக்குரிய உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். உங்கள் முகாம் சமையல்காரர் விடுப்பு முடிந்து திரும்புகிறார், சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து உங்கள் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே மனதில் இருப்பதைக் கொட்டப்போகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் நாலு வரியும் கிடைத்தன. "அம்மாவிடம் எதையும் சொல்லாதே" என்பதுதான் அதில் பெரிய வரி. ஆனால் அத்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பதிவை நான் எப்படிப் படித்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்று காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கூட்டம். ஒரு பெரியவர், மாதாமாதம் வருகிறவர், ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று உயிரை எடுப்பவர். அன்று இடது கையை என்னிடம் நீட்டிவிட்டு வலது கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் பட்டையைக் கட்டினேன், ஊசி போட்டேன், இரண்டு குழாய் நிறைந்தன, பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொன்னேன். மனிதர் அசையவே இல்லை. பார்த்தால் கண் கலங்கியிருந்தது. வலிக்கிறதா என்றேன். "இதப் படிச்சுப் பாரும்மா" என்று போனை என் பக்கம் திருப்பினார்.

துடுப்புக்காரன் என்று பெயர். முகம் இல்லை, ஊர் இல்லை. வெள்ளத்தில் மக்களை மீட்கப்போன ஒரு படைவீரன் எழுதியது. படகில் நாங்கள் எட்டுப் பேர், உருப்படியான லைஃப் ஜாக்கெட் மூன்று. மற்றவை தையல் விட்டு, உள்ளே தண்ணீர் குடித்து, போட்டவனையே கீழே இழுக்கும். எங்களில் உயரமானவனுக்கு நல்லது ஒன்று கிடைத்திருந்தது. இரண்டாவது நடையில் ஒரு கூரையின் மேலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தியை இறக்கினோம். அவன் தன்னுடையதைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டான். திரும்பும்போது படகு ஒரு மரத்தில் மோதியது. கரைக்கு வந்து எண்ணினோம், மறுபடியும் எண்ணினோம். இவ்வளவும் எழுதிவிட்டு, பாராட்டு விழாவில் தலைவர்கள் முகம் போட்டுக் கட்டிய பதாகைகளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: அந்தத் துணிக்கு ஆன செலவில் எத்தனை ஜாக்கெட் வாங்கியிருக்கலாம்? கடைசி வரி, "எங்களுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் குளிர்கிறது, அவ்வளவுதான்."

நின்றபடியே மூன்று தடவை படித்தேன். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்குக் காதில் விழவில்லை. நீங்களும் வெள்ளத்துக்குப் போனவர்தான், ஆனால் எத்தனையோ பிரிவு, எத்தனையோ படகு. உங்கள் படகில் ஒருவரை இழந்ததாக நீங்கள் மூச்சுக்கூட விடவில்லையே. இப்படி மனதைத் திறந்து பேசத் தெரிந்த ஒருவனோடு குடும்பம் நடத்துகிறவள் கொடுத்துவைத்தவள், நமக்கு வாய்த்தவர் "ம்", "சரி", "வச்சிடவா" என்பதோடு சரி என்று சத்தியமாக நினைத்தேன். என் மேலேயே எனக்குப் பொறாமை வந்த கதை இது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பேருந்தின் பின்கண்ணாடியில் தூசி மேல் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள், "கொஞ்சம் குளிர்கிறது, அவ்வளவுதான்" என்று. பேருந்து நகர்ந்து போனது. அந்த வாக்கியம் ஊருக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மனிதன் முகாமில் ஒரு மூலையில் உட்கார்ந்து கட்டைவிரலால் தட்டிய எழுத்து, எங்கேயோ இருக்கும் ஒரு தூசிக் கண்ணாடிவரை எப்படி வந்தது? என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, அவராகவே ஒருமுறை படித்தார். பிறகு சாதாரணமாக, "இது நம்ம பய எழுதினதாச்சே" என்றார். உங்களுக்கு என்ன ஆயிற்று அத்தை, இதில் பெயரே இல்லையே என்றேன். "காய்ச்சல் நூத்திமூணு இருக்கும்போதும் எனக்கு ஒண்ணுமில்ல, கொஞ்சம் குளிருது அவ்வளவுதான்னுதான் சொல்லுவான். கூடை நிறைய எதையாவது வாங்கிட்டு வந்தா ரெண்டு தடவை எண்ணுவான். எனக்குத் தெரியாதா?" என்றார். தொலைபேசி நிலையத்தில் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு காலமெல்லாம் இணைப்புக் கொடுத்தவர் அல்லவா, ஹலோ என்பதற்குள் எந்த வீட்டு அழைப்பு என்று கண்டுபிடிப்பாராம்.  உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் நான், மூன்று தடவை படித்தும் எனக்குத் தெரியவில்லை.

அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் நீங்கள் இன்று போனில் "ம்" சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நான் குளிக்கப் போன நேரத்தில், நான் கற்றுக்கொடுத்த வித்தையைக் கொண்டு, அந்தப் பதிவின் கீழே அவர் பெயரிலேயே எழுதிவிட்டார். "கண்ணா, நீ இவ்வளவு நல்லா எழுதுவேன்னு அம்மாவுக்குத் தெரியாமப் போச்சே. ஈரத்துணியோட நிக்காதே, உனக்கு உடனே நெஞ்சுச்சளி பிடிக்கும்." பக்கத்தில் அவருடைய படம். அதில் நீங்கள் சீருடையில் விறைப்பாக நிற்கிறீர்கள், அவர் உங்கள் கையைப் பிடித்திருக்கிறார். ஊரார் ரகசியத்தையெல்லாம் காதில் வாங்கி ஒன்றைக்கூட வெளியே விடாத மனுஷி, சொந்த மகனின் ரகசியத்தைச் சளிக்குப் பயந்து உலகத்துக்கே சொல்லிவிட்டார். மறுநாள் உங்கள் போனை வாங்கிவிட்டார்கள்.

அதன் கீழே வந்து விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அவருக்கு ஆயிரக்கணக்கில் பதில். யார் யாரோ அம்மா அம்மா என்று கூப்பிட்டு, மகனுக்குப் பாலில் மிளகைப் போட்டுக் கொடுங்கள், நெஞ்சில் தைலம் தேயுங்கள் என்றெல்லாம். ஒரு பெண் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. "அந்த ஜாக்கெட் என் மேல்தான் இருந்தது அம்மா. பெண் குழந்தை. நன்றாக இருக்கிறாள்" என்று எழுதியிருந்தாள். 

போன வாரம் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். மிரட்டவில்லை, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், வாலு காட்டிய பல்லில்லாத வாயைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். விதி ஏன் என்று எனக்கு விளக்கினார். "இன்னைக்கு ஒருத்தன் நல்லதுக்குச் சொல்லுவான், நாளைக்கு இன்னொருத்தன் எந்தப் படகு எங்க நிக்குதுன்னும் சொல்லுவான். எங்க கோடு போடுறதும்மா?" என்றார்.  நீங்கள் விதி தெரிந்துதான் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

பிறகு அவர் அத்தையின் பக்கம் திரும்பினார். துடுப்புக்காரன் கணக்கில் உண்மைப் பெயர் இல்லை, அதைத் திறந்தது நாங்கள் வாங்கி வைத்த போனில் இல்லை, வேறு போனும் கிடைக்கவில்லை, உங்கள் மகன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை. மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி நீங்கள் எழுதிய இரண்டு வரிதான் என்றார். மகனை மாட்டிவிட்டது தன் வரிதான் என்று அத்தைக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் வாலுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதிகாரி குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்லம்மா. யாரோ எழுதினதை நம்ம புள்ளைன்னு நெனச்சிட்டேன்னு ஒரு வாக்குமூலம் குடுத்தா இதோட முடிஞ்சிடும்" என்றாராம். யோசித்து வையுங்கள், மறுபடி வருகிறேன் என்று போனார். வாசல்வரை வந்த என்னிடம், "நானும் அதப் படிச்சேன்" என்றார். 

கடவுளே வீடு தேடி வந்தது போல இருந்தது எனக்கு. ஓய்வூதியத்துக்குத் தகுதி வர உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். இப்போது வெளியே அனுப்பினால் இத்தனை வருட உழைப்பும் தண்ணீரில் போகும், சிறைக்கும் அனுப்பலாமாம். அன்றிலிருந்து அத்தையின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண் தெரியவில்லை என்று ஒரு வரி, யாருக்கும் நஷ்டமில்லாத பொய், எழுதிக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவரும் தலையை ஆட்டினார். போனை அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். "என் நாக்குதான் எனக்கு எதிரி" என்று ஒருமுறை சொன்னார், சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அப்போதுதான் அந்த உயரமானவரின் மனைவி வந்தாள். நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவீர்களாமே. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தாள். எங்கள் விலாசத்தைப் பிடிக்க அவள் பட்ட பாடு தனிக் கதை. அவள் எதையும் கேட்க வரவில்லை. நன்றி சொல்ல வந்தாள், அதுவும் அத்தைக்கு.

அவளுக்கு வந்த தகவலில் கவனக்குறைவு என்று இருந்ததாம். லைஃப் ஜாக்கெட் அணியாததால் மரணம், அவ்வளவுதான். பணியில் உயிர் கொடுத்தவர்கள் பெயரை உங்கள் முகாம் வாசல் சுவரில் பொறிப்பார்களாமே, அதில் அவர் பெயர் வராதாம். "பூட்டின கதவையே மூணு தடவை இழுத்துப் பாக்கிற மனுஷன், ஜாக்கெட்டை எப்படி மறந்தாருன்னு நெனச்சு நெனச்சுப் பைத்தியம் பிடிச்சிடுச்சும்மா" என்றாள். படகில் இருந்த மற்றவர்கள் வாய் திறக்கவில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். துடுப்புக்காரன் எழுதியதைப் படித்தபோதும் யாரோ கட்டிவிட்ட கதை என்றுதான் நினைத்தாளாம். "கீழ நீங்க எழுதியிருந்தீங்க பாருங்க. பெத்தவ வந்து சளி பிடிக்கும்னு திட்டுறா, அப்ப இது கதை இல்ல, நெசமாவே ஒருத்தன் அங்க நின்னு பாத்திருக்கான்னு அன்னைக்குத்தான் நம்பினேன்" என்றாள். வேனில் பிள்ளைகள் காத்திருக்கின்றன என்று டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். 

இதுவரை எழுதி வைத்திருந்தேன். இடையில் அதிகாரி வந்து போய்விட்டார். 

அவர் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். அத்தை அதை நிதானமாகப் படித்தார், ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல், கண்ணாடி இல்லாமல். படித்து முடித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நம் வாலுவின் பாடநோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவரே எழுதினார். என்னையும் படிக்க விட்டார். "எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அந்தப் பதிவை எழுதியவன் என் மகன். நான் எழுதிய இரண்டு வரியும் அவனுக்குத்தான். அவன் சொன்னது விதிப்படி தப்பாக இருக்கலாம், பொய்யாக இருக்காது." கீழே கையெழுத்து.

நான் பாய்ந்து அதைப் பிடுங்கியிருக்கலாம். இரண்டு அடி தூரத்தில்தான் நின்றேன். கோபத்தில் எனக்குக் கண் இருட்டியது, உண்மையைச் சொல்கிறேன். ஒரு வரி எழுதியிருந்தால் என் குடும்பம் பிழைத்திருக்கும். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் என் கால் நகரவில்லை. மருத்துவரைப் பார்க்கவே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், பக்கத்து வீட்டு நாய்க்குப் பயந்து தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவர், அந்தச் சீருடைக்காரருக்கு எதிரே முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இவரோடு ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்திருக்கிறேன், இவர் யார் என்று இன்றுதான் பார்க்கிறேன்.

அதிகாரி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். இதன் அர்த்தம் புரிகிறதா அம்மா என்று கேட்டார். "புரியுது தம்பி. என் புள்ளைக்கு வேலை போகும். நான் இல்லேன்னு சொன்னா அந்த நெட்டைப் பையன் மறதியாலதான் செத்தான்னு ஆயிடும். அவனுக்காகப் பேச அவங்கம்மாவும் இல்லையாமே" என்றார் அத்தை. அதிகாரி தட்டச்சு செய்து கொண்டுவந்த தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, அத்தை எழுதியதை மட்டும் கோப்பில் வைத்தார். அவர் போன பிறகு அத்தை ஒரு மூச்சு அழுதார். நானும் சேர்ந்துகொண்டேன். அழுது முடித்து இருவரும் சோறு போட்டுச் சாப்பிட்டோம்.

இனி நீங்கள்தான். நீங்கள் ஏன் வாயைத் திறக்காமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றால் அம்மாதான் காட்டிக்கொடுத்தாள் என்று ஆகிவிடும், இல்லை என்றால் நெட்டை கவனக்குறைவால் செத்தவர் என்றே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று குளிர்கிறது அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போதும். நான் சம்பாதிக்கிறேன், கூடத்தில் மாலை வேலையும் கேட்டிருக்கிறேன், தருவார்கள். உங்களுக்கு எது நடந்தாலும் நம் வாலு உங்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழாது, பல் முளைத்த பிறகு இன்னும் தெளிவாகவே சொல்லுவாள். நீங்கள் நலமாக, முழுசாக எங்களிடம் திரும்பி வர வேண்டும் என்று மட்டும் ஒவ்வொரு வேளையும் வேண்டிக்கொள்கிறேன்.

விசாரணை அன்று அத்தை எழுதிய அந்த இரண்டு வரியையும் அந்தப் படத்தையும் உங்கள் முன்னால் வைத்து, இந்த அம்மாள் யார் என்றுதான் முதலில் கேட்பார்களாம், அதற்குச் சொல்லும் பதில்தான் ஒப்புதலாம். யோசிக்காதீர்கள், எங்களை நினைத்துத் தயங்காதீர்கள். என் அம்மா என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
எப்போதும் உங்கள்,
ஊசி